ஒரு கிலோ துணி, அரைக் கிலோ உப்பு

திருப்பூர் சாயக்கழிவு என்றாலே எல்லோருக்கும் நினைவுக்கு வருவது நிறம்தான். ஒரு நாள் சிவப்பு, மறுநாள் ஊதா என்று ஓடிய ஓடைகள், பாலத்தடியில் குவிந்து நின்ற நுரை. பத்திரிகைகளும் அந்தப் படங்களைத்தான் போட்டன. நொய்யல் கரையில் விவசாயம் பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், நிறத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். உப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நிறம் வெயிலில் வெளுக்கும், வெள்ளம் வந்தால் கலைந்து போகும். உப்பை எந்த நுண்ணுயிரும் தின்பதில்லை. தண்ணீர் ஆவியாகிப் போன பிறகும் அது மண்ணிலேயே கிடக்கும். அடுத்த மழையில் கிணற்றுக்குள் இறங்கும்.

எனக்கு இது கேள்விப்பட்ட விஷயமில்லை. அம்மா பிறந்த ஊர் சென்னிமலைப் பக்கம், நொய்யலிலிருந்து கூப்பிடு தூரம். அப்பா வழியில் பாதிப் பேர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போனவர்கள். கட்டிங், செக்கிங், அயர்னிங் என்று ஆளுக்கொரு வேலை, சித்தப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஆக, சாயத்தண்ணியை ஆற்றில் விட்ட வீட்டிலும் சோறு தின்றிருக்கிறேன், அந்தத் தண்ணியால் காடு, அதாவது விளைநிலம், கெட்டுப்போன வீட்டிலும் சோறு தின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் உழைத்துப் பிழைத்தவர்கள். அதனாலேயே இந்தக் கதையைப் பேராசைக்கார முதலாளி, பாவப்பட்ட விவசாயி என்று இரண்டு வரியில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை.

சாயப்பட்டறைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

பருத்தித் துணிக்கு இன்று போடுவது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம். நிறம் பளிச்சென்று இருக்கும், துவைத்தாலும் லேசில் போகாது. சிக்கல் என்னவென்றால், தண்ணீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின்தன்மை கொண்டது. சாயமும் அப்படியே. ஒன்றையொன்று தள்ளும். துணியை எவ்வளவு நேரம் புரட்டினாலும் சாயத்தில் பெரும்பகுதி தண்ணீரிலேயே நிற்கும். இந்தத் தள்ளுதலை அடக்கத்தான் உப்பு. உப்பைக் கொட்டியதும் சாயம் தண்ணீரை விட்டு இழையைத் தேடிப் போகும். அப்புறம் சோடா போட்டால் இழையோடு பிணைந்துகொள்ளும். உப்புக்கு அதோடு வேலை முடிந்தது. துணியில் அது தங்குவதில்லை. எவ்வளவு கொட்டினார்களோ அவ்வளவும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

வெளிர் நிறத்துக்கு லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பு போதும். கறுப்பு, நேவி ப்ளூ, மெரூன் என்று அடர் நிறத்துக்குப் போனால் 80 கிராம் வரை ஏறும், சில சமயம் அதையும் தாண்டும். இன்றைய சாஃப்ட் ஃப்ளோ இயந்திரத்தில் ஒரு கிலோ துணிக்கு ஏழெட்டு லிட்டர் தண்ணீரில் சாயமேற்றுகிறார்கள். கணக்குப் போட்டால், ஒரு கிலோ கறுப்புத் துணிக்கு அரைக் கிலோவுக்கு மேல் உப்பு. வின்ச் என்ற பழைய சாய இயந்திரம் ஓட்டிய காலத்தில் அதே ஒரு கிலோவுக்கு இருபது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அப்போது உப்பு ஒன்றரைக் கிலோ. இது சாயமேற்றும் தண்ணீர் மட்டும். வெளுப்பது, அலசுவது, சோப்புப் போட்டு அலசுவது, மறுபடி அலசுவது எல்லாம் சேர்த்தால் ஒரு கிலோ துணிக்கு இன்றும் ஐம்பது அறுபது லிட்டர் ஆகும். அந்தக் காலத்தில் இதைப்போல மூன்று நான்கு மடங்கு.

சித்தப்பாவின் நகக்கண்ணைப் பார்த்தே அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறம் ஓடியது என்று பிள்ளைகள் நாங்கள் சொல்லிவிடுவோம். உள்ளங்கால் வருஷம் பூராவும் வெடித்தே இருக்கும். ராத்திரி வேப்பெண்ணெய் தடவிக்கொண்டுதான் படுப்பார். "உப்புத்தண்ணியிலயே நின்னா அப்படித்தான் கண்ணு, செருப்புப் போட்டா அதுவும் ஆறு மாசத்துல அறுந்துபோகுது" என்பார். அந்த உப்புத்தண்ணீர் பட்டறையின் பின்பக்கச் சாக்கடை வழியாக எங்கே போகிறது என்று வீட்டில் யாரும் பேசியதில்லை. எங்கே போனதென்று அம்மா ஊருக்குப் போனால் தெரியும்.

நொய்யல் ஒன்றும் பெரிய ஆறில்லை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து பேரூர், கோவை, சூலூர், திருப்பூர் என்று கிழக்கே வந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊர்ப் பக்கத்திலேயே காவிரியில் சேர்கிறது. நீளம் சுமார் 170 கிலோமீட்டர். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் அதில் பெரிதாகத் தண்ணீர் வராது. இருந்த தண்ணீரை வீணாக்கக் கூடாது என்றுதான் முன்னோர்கள் வரிசையாக அணைக்கட்டுகளும் வாய்க்கால்களும் குளங்களும் வெட்டி, ஒரு குளம் நிறைந்தால் அடுத்த குளத்துக்குப் போகிறமாதிரி செய்து வைத்திருந்தார்கள். கோவையின் உக்கடம் பெரியகுளமும் சிங்காநல்லூர் குளமும் அந்த வரிசையில் உள்ளவைதான். மழை குறைந்த நாட்டு ஆறு என்பதால் கழிவைக் கரைத்து நீர்க்கச் செய்யும் சக்தி இதற்குக் கிடையாது. கோடையில் நொய்யலில் ஓடியது அனேகமாகச் சாயப்பட்டறைத் தண்ணீரும் ஊர்ச் சாக்கடையும் மட்டும்தான்.

நெசவும் சாயமும் இந்த ஆற்றுக்குப் புதிதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. சங்கப் பாடலில் கொடுமணம் என்று வருகிற ஊர். கல்மணிகளைத் தீட்டி, இரும்பை உருக்கி, மேற்கே சேரநாட்டுத் துறைமுகத்துக்கும் கிழக்கே கரூருக்கும் போகிற பெருவழியில் வாணிபம் நடத்திய ஊர். அங்கே தோண்டியபோது நூல் நூற்கும் தக்களியின் சுடுமண் வில்லைகளும் கிடைத்தன. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேலாகத் தொழில் பார்த்த கரை இது. தொழிலைத் தாங்கிக்கொண்டே ஆறும் ஓடியிருக்கிறது. கெட்டுப்போனது முழுக்கக் கடந்த நாற்பது ஐம்பது வருஷத்துக்குள்.

அந்தக் கொடுமணலுக்குப் பக்கத்தில்தான் ஒரத்துப்பாளையம் அணை. 1992-ல் திறந்தார்கள். ஈரோடு, கரூர் மாவட்டக் காடுகளுக்குப் பாசனம் தருவதற்காகக் கட்டியது. திருப்பூரில் ஏற்றுமதி சூடுபிடித்து, தெருவுக்குத் தெரு சாயப்பட்டறை முளைத்த காலமும் அதுவே. மழைத்தண்ணீரைத் தேக்கி வைக்கக் கட்டிய அணை, மேலே இருந்து வந்த சாயத்தண்ணீரைத் தேக்கி வைக்கும் தொட்டியாக ஆனது. ஓடுகிற ஆற்றில் கழிவு விட்டாலாவது கொஞ்சம் நகர்ந்து போகும். தேங்கினால் அங்கேயே ஆழமாக இறங்கும். சில வருஷத்திலேயே, அணையைத் திறக்காதீர்கள், அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று கீழ்ப்பகுதி விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் தண்ணீரைப் பாசனக்காரர்களே மறுத்தது, எனக்குத் தெரிந்து, தமிழ்நாட்டில் வேறெங்கும் கேள்விப்படாதது.

பெரிய மாமனின் தோட்டத்தில் முதலில் போனது மஞ்சள். அப்புறம் வாழை. உப்பைக் கொஞ்சம் தாங்கக்கூடியது தென்னை என்பதால் அது மட்டும் நின்றது; காய் சிறுத்து, மட்டை பழுத்து, நின்றது என்று சொல்லலாம், அவ்வளவுதான். வாய்க்கால் ஓரம் வெயில் ஏற ஏற வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கும். கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. அமுச்சி (அம்மாவின் அம்மா) சமையலுக்கு மட்டும் தனியாகக் குடத்தில் தண்ணீர் எடுத்து வரப் போவார். மாடுகள் சினை பிடிப்பது குறைந்தது, பிடித்தாலும் கன்று தங்குவதில்லை என்று ஊரில் வீட்டுக்கு வீடு சொன்னார்கள். மாமன் ஒரு நாள் மோட்டார் ரூமில் உட்கார்ந்துகொண்டு சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கெணத்துல தண்ணி இல்லாம காடு காஞ்சா, மழை வரும்னு பார்த்துக்கிட்டு இருக்கலாம் மாப்ளே. கெணறு நெறையத் தண்ணி நின்னும் காடு காயுதே, இதுக்கு எதைப் பார்த்துக்கிட்டு இருக்கறது?"

மண்ணுக்கு நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோடியம் உப்பு தொடர்ந்து பாய்ந்தால் களித்துகள்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கால்சியத்தை அது வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காரும். மண்ணின் பொலபொலப்பு போய், நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். தண்ணீர் உள்ளே இறங்காது, வேருக்குக் காற்று போகாது. கால்சியம் உள்ள ஜிப்சம் போட்டு நல்ல தண்ணீரால் அலசினால் மெல்ல மீளும் என்பார்கள் வேளாண் அதிகாரிகள். அது சரிதான். அலசுவதற்கான நல்ல தண்ணீர் அந்த ஊர்களில் எங்கே இருந்தது?

இங்கே விவசாயிகள் செய்ததை ஒரு பத்திரிகைச் செய்தியளவுக்குக் குறைத்துப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. அவர்கள் சங்கம் கூடினார்கள், கைக்காசு போட்டு வழக்குத் தொடுத்தார்கள், வாய்தாவுக்கு வாய்தா சென்னைக்குப் போனார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில், ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றுக்கு வரக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அதுவரை விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். பட்டறைக்காரர்கள் மேல்முறையீடு போனார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்து மூன்று மாதம் கெடு கொடுத்தது. அதுவும் கடந்து போனது. 2011 ஜனவரி 28 அன்று, 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடி மின்சாரத்தைத் துண்டிக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருப்பூர் அன்றைக்கு ஸ்தம்பித்தது.

சித்தப்பாவுக்கு வேலை போனது. சில மாதம் காங்கயம் பக்கம் தேங்காய்க் களத்துக்குப் போனார், கூலி பாதிகூட இல்லை. வெளிமாவட்டத்திலிருந்து பட்டறை வேலைக்கு வந்து வாடகைக்கு இருந்த குடும்பங்கள் பல, சட்டி பானையைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பின. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குள்ளேயே பேச்சு சரியில்லை. மாமனுக்கு நியாயம் கிடைத்த நாள், சித்தப்பாவுக்குச் சோறு போன நாள். மாசைப் பல வருஷம் வேடிக்கை பார்த்துவிட்டு ஒரே நாளில் நிறுத்தினால், அதன் அடி முழுக்கக் கூலிக்காரர் தலையில்தான் விழும். 1990-களிலேயே படிப்படியாகச் செய்திருக்க வேண்டிய வேலை அது. செய்யவேண்டிய அதிகாரமும் சட்டமும் அப்போதே இருந்தன.

இழப்பீட்டையும் சொல்ல வேண்டும். பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பேரில், சுற்றுச்சூழல் இழப்பைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைந்தது. மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்கவேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. அந்த ஆணையம் நொய்யல் பகுதியில் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் ஈடு நிர்ணயித்தது. தலைக்கு வகுத்துப் பாருங்கள், ஒன்பதாயிரம் ரூபாய்கூட வராது. தலைமுறைக்கும் சேர்த்துக் கெட்ட ஒரு கிணற்றுக்கு.

மூடிய பட்டறைகள் நிரந்தரமாக மூடிக் கிடக்கவில்லை. 2011-ல் மாநில அரசு சுத்திகரிப்பு நிலையங்களை மேம்படுத்த 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. உப்பையே திரும்பப் பிரித்தெடுக்கும் தொழில்நுட்பத்துக்குத் திருப்பூர் மாறியது. இன்று ஜவுளித் துறையில் இவ்வளவு பெரிய அளவில் கழிவுநீர் வெளியேற்றாமல் இயங்கும் ஊர் உலகத்தில் அபூர்வம். இதைத் திருப்பூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

நண்பர் ஒருவர் வேலை பார்க்கும் பொது சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்ப் பார்த்தேன். பல பட்டறைகளின் தண்ணீர் குழாய் வழியாக ஒரு பெரிய தொட்டிக்கு வந்து ஒன்றாகக் கலக்கிறது. எல்லா நிறமும் சேர்ந்து கடைசியில் வருவது ஒரு கருநீலம். அடுத்த தொட்டியில் காற்றை ஊதி ஊதி பாக்டீரியாவை வளர்க்கிறார்கள். அது அழுக்கைத் தின்னும். மிச்ச நிறத்தை எடுக்கிறார்கள். வடிகட்டி ஆர்.ஓ.வுக்கு அனுப்புகிறார்கள். பத்து லிட்டரில் எட்டரை, ஒன்பது லிட்டர் நல்ல தண்ணீராகப் பட்டறைக்கே திரும்புகிறது. கஷ்டமெல்லாம் மிச்சமிருக்கும் அந்த ஒன்றரை லிட்டரில். அடர்ந்த உப்புக்கரைசல். அதை ஆவியாக்கிகளில் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கிறார்கள். கடைசியில் தள்ளுவண்டியில் வந்து விழுந்த உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈரமாக, பழுப்பேறி, நாட்டுச்சர்க்கரை நிறத்தில் இருந்தது. "இதுல நல்லதைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கறோங்க. எல்லாம் கலந்து வர்ற உப்பும் கசடும்தான் எங்க வைக்கறதுன்னு பிரச்சினை" என்றார் நண்பர். கொட்டகையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. கசடைச் சிமெண்ட் ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். கொதிகலனுக்கு விறகு லாரிகள் வரிசையில் நின்றன. ஆற்றைக் காப்பாற்ற மரம் எரிகிறது. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆனாலும் எரிகிற விறகு கண்ணுக்குத் தெரிகிற செலவு. அதைக் குறைக்க வழி தேடலாம். ஆற்றில் விட்ட உப்பை யாராலும் திரும்ப எடுக்க முடியாது.

இதற்கெல்லாம் எவ்வளவு செலவாகும்? ஆயிரம் லிட்டருக்கு இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய் என்பது பட்டறை வட்டாரத்தில் சொல்லும் பொதுக் கணக்கு. ஒரு கிலோ துணிக்கு அறுபது லிட்டர் என்றால் பதினைந்து ரூபாய். ஒரு கிலோவில் ஐந்து டி-ஷர்ட் வரும். ஆக, ஒரு டி-ஷர்ட்டுக்கு மூன்று ரூபாய். அதிகமாகவே வைத்து ஐந்து ரூபாய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரத்துப்பாளையம் அணையும், பெரிய மாமனின் மஞ்சள் காடும், அமுச்சி தூரத்திலிருந்து சுமந்த குடங்களும், எல்லாம் அந்த ஐந்து ரூபாயைக் கொடுக்காததால் வந்தவை. வாங்கியவர் கொடுக்கவில்லை, விற்றவர் கொடுக்கவில்லை, இடையில் இருந்தவர்களும் கொடுக்கவில்லை. ஆற்றங்கரையில் இருந்தவர் கொடுத்தார்.

நான் சொல்ல வந்தது இதுதான். சுற்றுச்சூழலுக்கு இசைந்த வாழ்க்கை என்று பேச ஆரம்பித்தால் நாம் உடனே மூங்கில் பல்துலக்கிக்கும் துணிப்பைக்கும் போய்விடுகிறோம். அவை நல்லவைதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அந்த வாழ்க்கையின் முதல் பாடம், ஒரு பொருளின் முழு விலையையும் யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பது. நூற்றைம்பது ரூபாய்க்கு மூன்று டி-ஷர்ட் என்று ரோட்டோரத்தில் குவித்து விற்கும்போது, மிச்சப் பணத்தை யாரோ ஒருவர் கிணற்றுத் தண்ணீரால் கட்டியிருக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் ஓர் ஊரில் கதவை அடைத்தால் கழிவு பக்கத்து ஊர்க் கதவைத் தட்டும். திருப்பூரில் கெடுபிடி வந்ததும், அதே துணி சுற்றுவட்டாரத்துத் தென்னந்தோப்புக்குள் ராத்திரியில் மட்டும் ஓடும் பட்டறைகளுக்கும் போனது. ஈரோடு, பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் காவிரியிலும் பவானியிலும் சாயத்தண்ணீர் கலப்பதாக மக்கள் இன்றும் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் ஈரோட்டு மஞ்சளுக்கு உயிர். அதில் கழிவு கலக்காமல் இருக்க, பக்கத்திலேயே கழிவுக்கென்று ஒரு பேபி வாய்க்கால் கட்டவேண்டி வந்தது. எழுநூறு வருஷம் ஓடிய வாய்க்காலுக்குத் துணையாக நம் தலைமுறை வெட்டியது ஒரு சாக்கடை. எழுதும்போதே கோபமாக வருகிறது.

சாயப்பட்டறையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. இன்று கோவையைத் தாண்டி நொய்யலில் நுரைக்கிற தண்ணீரில் பெரும்பகுதி நகரத்துக் கழிவுநீர். நம் குளியலறை, நம் கழிப்பறை, நம் துணி துவைத்த சோப்பு. பாதாளச் சாக்கடைத் திட்டம் வருகிறது, வருகிறது என்றே ஒரு தலைமுறை போய்விட்டது. ஒரு மாநகராட்சியின் கழிவு சுத்திகரிக்காமல் ஆற்றில் விழுந்தால் அதற்கு யார் மின்சாரத்தைத் துண்டிப்பது? பட்டறைகளை மூடச்சொன்ன சட்டம் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் பொருந்தும். அதே கண்டிப்போடு பொருத்திக் கேட்க இன்னும் பெரிதாக யாரும் கிளம்பவில்லை.

சரி, துணி வாங்கும்போது என்ன செய்யலாம்? என் வீட்டில் நடைமுறையில் இருப்பதைச் சொல்கிறேன். முதலாவது, குறைவாக வாங்குவது. இதைவிடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஒரு சட்டையை இரண்டு வருஷத்துக்குப் பதில் நான்கு வருஷம் போட்டால், அதன் உப்பும் தண்ணீரும் பாதியாகிவிடுகிறது. எந்தத் தொழில்நுட்பமும் இவ்வளவு சுலபமாக இதைச் செய்யாது. அடுத்தது வெளிர் நிறம். பிள்ளைகளுக்குக் கறுப்பு டி-ஷர்ட்தான் பிடிக்கிறது, தெரியும். அதற்கு எவ்வளவு உப்பு போகிறது என்று ஒரு நாள் அடுப்படியில் தராசு வைத்து நிறுத்துக் காட்டினேன். ஒரு டி-ஷர்ட்டுக்கு நூறு கிராமுக்கு மேல். கையில் கொட்டினால் விரலிடுக்கில் வழிந்தது. மகள் அதற்கப்புறம் கடையில் தானாகவே வேறு நிறம் எடுத்தாள். பையன் கறுப்பேதான் வேண்டும் என்று எடுத்தான், ஆனால் அந்த வருஷம் அது ஒன்றோடு நிறுத்திக்கொண்டான்.

லேபிளைப் படிப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். வெறுமனே ஆர்கானிக் காட்டன் என்று போட்டிருந்தால், அது பருத்தி விளைந்த காட்டைப் பற்றிய பேச்சு. அந்தப் பருத்திக்குச் சாயம் போட்ட தண்ணீர் எங்கே போனது என்று அது சொல்லாது. ஜி.ஓ.டி.எஸ். என்ற ஆர்கானிக் ஜவுளித் தரச்சான்று போன்றவை சாயமிடும் இடத்தின் கழிவுநீரையும் பார்க்கின்றன. இயற்கைச் சாயம் என்பதும் அழகான விஷயம்தான். அவுரியும் மஞ்சிட்டியும் போட்ட கைத்தறித் துணியை நானும் ஆசையாக வாங்குகிறேன். ஆண்டுக்கு 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஓர் ஊரை அதை வைத்து நடத்த முடியும் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அவ்வளவு துணிக்கு வேண்டிய செடியை எந்த நிலத்தில், எந்தத் தண்ணீரில் வளர்ப்பது?

திருப்பூரிலேயே எனக்கு மிகவும் பிடித்த வேலை ஒன்று நடக்கிறது. அதை யாரும் சுற்றுச்சூழல் என்று பெரிதாகப் பேசுவதில்லை. கட்டிங்கில் விழும் துண்டுத் துணியைத்தான் சொல்கிறேன். மெக்கானிக் கடையில் கை துடைக்கிற பனியன் வேஸ்ட் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு பகுதியை நிறவாரியாகப் பிரித்து, இயந்திரத்தில் கிழித்து மறுபடி பஞ்சாக்கி, ஓ.இ. (ஓபன் எண்ட்) நூற்பு மில்களில் நூலாக நூற்கிறார்கள். பிரிக்கிற இடத்தில் பெரும்பாலும் பெண்கள்தான். மின்விளக்கின் அடியில் உட்கார்ந்து, நமக்கு ஒரே நீலமாகத் தெரிகிற குவியலை ஐந்தாறு நீலமாகப் பிரித்துப் போட்டுக்கொண்டே பேசுவார்கள். இப்படி நிறம் பிரித்து நூற்ற நூலுக்குத் திரும்பச் சாயம் போட வேண்டியதில்லை. ஏற்கெனவே இருக்கிற நிறமே நூலின் நிறம். உப்பு கிடையாது, சாயத்தண்ணீர் கிடையாது. அந்த அக்காக்களின் கண்ணுக்கும் பொறுமைக்கும் நாள் கூலி மிகக் குறைவு. பஞ்சுத் தூசிக்கு முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆற்றுக்கு நல்லது செய்கிற வேலை, செய்கிறவர் நெஞ்சுக்கும் நல்லதாக இருக்க வேண்டும். நல்ல முகக்கவசமும் தூசி இழுக்கும் விசிறியும் வைக்க எத்தனை ரூபாய் ஆகிவிடும்?

நம்பிக்கை தருகிற இடமும் இருக்கிறது. திருப்பூருக்குப் பக்கத்திலேயே நல்லாற்றுத் தண்ணீர் வந்து சேரும் நஞ்சராயன் குளம். இவ்வளவு தொழிற்சாலைகளுக்கு நடுவே பறவைகள் வருவதைப் பார்த்து ஊர்க்காரர்களும் பறவை பார்ப்பவர்களும் வருஷக்கணக்காகக் குறிப்பெடுத்து, மனுக் கொடுத்து, குளத்தைக் காத்து நின்றார்கள். 2022-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இமயமலைக்கு மேலே பறந்து வரும் வரித்தலை வாத்து அங்கே வந்து இறங்குகிறது. தொழில் நடக்கிற ஊரில் ஆறும் குளமும் பிழைக்காது என்று சொல்கிறவர்களைப் பனிக்காலத்தில் ஒரு காலைப் பொழுது அங்கே கூட்டிப்போக வேண்டும்.

ஆனால் ஒரத்துப்பாளையம் அப்படி மீளவில்லை. அணையில் தண்ணீர் தேக்குவதில்லை, வருகிறதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். புதிய உப்பு வரத்து குறைந்தது உண்மை. பழைய உப்பு இன்னும் நிலத்தடியில்தான் இருக்கிறது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். போன தடவை போனபோது மாமன் கிணற்றில், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்தேன்; அந்த இரண்டாயிரத்தையும் தாண்டித்தான் காட்டியது. மாமன் எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னைக்குத் தேவலைங்குது பாரு" என்றார். நல்ல மழை பெய்த வருஷங்களில் குறைகிறதாம். ஓர் ஓரத்தில் சோளத்தட்டு போட்டிருக்கிறார், வந்திருக்கிறது.

அந்தக் கிராமங்களுக்கு இப்போது வேண்டியது பெரிய திட்டம்கூட இல்லை. கிணறுவாரியாக உப்பளவை வருஷத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், அரசு எடுக்க வேண்டும். எடுத்த கணக்கை அலுவலகக் கோப்பில் வைக்காமல், மார்ச் 22 உலக தண்ணீர் நாளில் நடக்கும் கிராம சபையில் வாசித்து ஊராட்சிச் சுவரில் எழுத வேண்டும். எந்தக் கிணறு தேறுகிறது, எது மறுபடி ஏறுகிறது என்று தெரிந்தால், மேலே யார் எங்கே திறந்துவிடுகிறார்கள் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். ஜிப்சம் எங்கே போடுவது, பண்ணைக்குட்டை எங்கே வெட்டி மழைத்தண்ணீரை இறக்குவது என்பதையும் அந்தக் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி, வருகிற கிராம சபையில் கொடுக்க அம்மா ஊர்க்காரர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். நொய்யல் கரையில் உங்களுக்கு ஊரோ உறவோ இருந்தால், உங்கள் ஊராட்சியிலும் இதே மனுவைக் கொடுங்கள்.